ஒரு அழுக்கும் கண்ணில் படக்கூடாது

என் அக்கா உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சாப்பாட்டைக்கூடத் தட்டைக் கையில் ஏந்தியபடி நடந்துகொண்டேதான் சாப்பிடுவாள். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்குப் பக்கத்திலேயே நிற்பாள். "உன் காலில சக்கரமா கட்டியிருக்கு?" என்று அம்மா இருந்தவரை கேட்டுப் பார்த்தாள். அம்மா போன பிறகு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அக்கா காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

நான் அவளுக்கு நேர் எதிர். வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறவள். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். அதனால் எங்கள் குடும்பத்தில் ஓடுவது அவள் பங்கு, எழுதுவது என் பங்கு என்று யாரும் பேசிவைக்காமலே முடிவாகிவிட்டது. அவள் நடத்தும் இடத்துக்கு உதவித்தொகை கேட்டு யார் யாருக்கோ போன அத்தனை விண்ணப்பங்களும் நான் அடித்தவை. சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

அந்த இடம் முன்பு டயர் கிடங்கு. வெயில் ஏறினால் இன்றைக்கும் சுவரிலிருந்து ரப்பர் வாடை கிளம்பும். உள்ளே இரண்டு வரிசை இரும்புக் கட்டில், பின்னால் சமையல் கட்டு, அதை ஒட்டி வெங்காய மூட்டையும் பழைய போர்வையும் அடுக்கிய ஒரு சாமான் அறை. குடியால் வீட்டையும் வேலையையும் தொலைத்துவிட்டுத் தெருவுக்கு வந்த ஆண்கள் அங்கே தங்குகிறார்கள். வாரம் ஒரு முறை டாக்டர் வருவார். சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அன்றைய பொழுதைக் குடிக்காமல் எப்படித் தள்ளினோம் என்று பேசுவார்கள். அக்கா மட்டும் வட்டத்துக்கு வெளியே சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே கேட்பாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவனைத் தனியாக விடமாட்டார்கள். கொஞ்ச காலம் கழித்தவன் ஒருவன் அவனுக்கு ஜோடி. கடைத்தெருவுக்குப் போனாலும், முடி வெட்டப் போனாலும், ராத்திரி கொல்லைப்பக்கம் போனாலும் ஜோடி கூடவே போகும். அவர்கள் பேச்சில் 'கடை' என்றால் சாராயக் கடை ஒன்றுதான். பஸ் நிலையத்துக்குப் போகிற ஒரே வழியில், வளைவு திரும்பியதும் அது இருந்தது. ஜோடி இல்லாமல் அந்த வளைவைத் தாண்டுவது புதியவனால் ஆகாத காரியம்.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று கேட்பவர்களுக்கு அக்கா ஒழுங்காகப் பதில் சொல்லமாட்டாள். நான் சொல்கிறேன். எங்களுக்கு ஒரு அண்ணன். குடித்தான், வீட்டில் இருந்த பாத்திரம்வரை விற்றான், அப்பா ஒரு நாள் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். எனக்கு அன்றைக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. இன்றைக்கும் அவன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அக்கா அப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வராமல், பாலத்தடி, பஸ் நிலையம், ரயிலடி என்று அவனைத் தேடி அலைந்தாள். அவன் கிடைக்கவில்லை. மற்றவர்கள் கிடைத்தார்கள். காய்ச்சலில் கிடந்த ஒருவரைத் தூக்கி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். உடம்பு தேறியதும் அவரை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. அப்படித்தான் அந்தக் கிடங்கை வாடகைக்குப் பிடித்தாள். பிறகு வேலையையும் விட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

போன வருடம் கிடங்குக்காரரின் மகன் தலையெடுத்தான். அங்கே சோபாக் கடை வைக்கப்போவதாகச் சொன்னான். பெரியவர் நல்லவர். நீண்ட குத்தகையாக எழுதி முன்பணம் கட்டினால் மகனைச் சமாளிப்பதாகச் சொன்னார். இல்லையென்றால் மாதக் கடைசியில் காலி செய்யவேண்டும். கட்டிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் மறுபடி தெருவுக்கு, அந்த வளைவுக்கு.

கதவு கதவாகத் தட்டினோம். ஒரு நிறுவனம், "நாங்க தங்குமிடத்துக்குத்தான் கொடுப்போம், குடிகாரங்களுக்குக் கொடுக்கறதில்ல" என்றது. இன்னொன்று, "குடியை நிறுத்தற சிகிச்சைக்குக் கொடுப்போம், கட்டிலுக்கும் சோத்துக்கும் கொடுக்கறதில்ல" என்றது. படுக்க இடமில்லாதவன் எதை நிறுத்துவான் என்று எனக்கு வாய்வரை வந்தது. டைப் அடிக்கும்போது அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு 'மதிப்பிற்குரிய ஐயா' என்றே ஆரம்பித்தேன்.

கடைசியாக ஒரு அறக்கட்டளை இரண்டுக்கும் சேர்த்துக் கொடுப்பதாகச் சொன்னது. முழுதாகக் குணமானவர்கள் எத்தனை பேர் என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். அக்காவிடம் கேட்டேன்.

"இன்னிக்குக் குடிக்காதவங்க எத்தனை பேர்னு கேளு, சொல்றேன். முழுசான்னா என்னடி? நான் என்ன சோசியமா பாக்கறேன்?"

"அப்படியே எழுதினா குப்பையில போடுவாங்க."

"எழுது. போடட்டும்."

எழுதினேன். போடவில்லை. நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது.

அந்த வாரம் முழுவதும் அக்கா யாரையும் நிம்மதியாக விடவில்லை. தரையைத் தேய்க்கவைத்தாள், காய்ந்த பிறகு அதையே மறுபடி தேய்க்கவைத்தாள். போர்வைகளை வெளுக்கப் போட்டாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்து, கிழிந்த செருப்பையும் அட்டைப்பெட்டியையும் இழுத்து வெளியே எறிந்தாள். "பெரியவங்க வர்றாங்க. அன்னிக்கு இங்க ஒரு அழுக்கும் கண்ணுல படக்கூடாது, சொல்லிட்டேன்" என்று காலையிலும் மாலையிலும் மந்திரம் மாதிரி ஓதினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அதில் ஒருவர் புதிதாக வந்திருந்த கொத்தனார். கைநடுக்கம் இன்னும் அடங்காமல், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தேநீர் குடிக்கிறவர். அவருடைய ஜோடிக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். தூக்கத்தில்கூடப் பேசுகிற ஆள்.

வரவேண்டிய நாளில் நான் லீவு போட்டேன். எங்கள் சந்து வெளியாட்களுக்குப் பிடிபடாது என்பதால் நானும் அக்காவும் மெயின் ரோட்டுக்கே போய் நின்றோம். வண்டி சொன்ன நேரத்துக்கு வரவில்லை. அக்கா அந்த நடைபாதையில் போட்ட நடைக்கு அடுத்த ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். கடைசியில் வெள்ளைக் கார் ஒன்று வந்தது. முன்னால் நடந்து அதைக் கிடங்கு வாசல்வரை கூட்டிவந்தோம். கண்ணாடி போட்ட, அதிகம் சிரிக்காத ஒரு அம்மாள் இறங்கினார். மேடம் என்றே நாங்கள் கூப்பிட்டோம்.

கிடங்குக் கதவு விரியத் திறந்திருந்தது. தரை பளபளத்தது. போர்வைகள் சுருக்கமில்லாமல் இழுத்துவிடப்பட்டிருந்தன. தண்ணீர்ப் பானைக்குமேல் டம்ளர் கவிழ்த்திருந்தது. உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை.

"எல்லாரும் எங்க?" என்றார் மேடம்.

அக்கா ஒரு கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். சமையல் கட்டை எட்டிப் பார்த்தாள். அடுப்பு அணைந்திருந்தது. "கொத்தனாரு..." என்று மட்டும் சொல்லிவிட்டு, மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்லாமல், செருப்புகூடப் போடாமல் சந்தில் இறங்கி ஓடினாள். வளைவுப் பக்கம்தான் ஓடினாள். முன்பணமும் குத்தகையும் சோபாக் கடையும் அவள் நினைப்பிலேயே இல்லை என்பது அந்த ஓட்டத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் மாட்டிக்கொண்டேன். பிள்ளை பிடிக்கிறவனிடம் கொடுத்துவிட்டுப் போன மாதிரி என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள். "இதுதான் கட்டில். இது இன்னொரு கட்டில்" என்று உளறினேன். மேடம் காலிக் கட்டில்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"போர்டு இருக்கும், கட்டில் இருக்கும், ஆள் இருக்காது. இப்படி நான் நிறைய பாத்திருக்கேம்மா" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது.

"சத்தியமா ஆளுங்க இருக்காங்க மேடம்."

"எங்க?"

அவர் சமையல் கட்டைப் பார்த்தார். பிறகு, "அது என்ன அறை?" என்று கேட்டுக்கொண்டே சாமான் அறைக் கதவைத் தள்ளினார்.

வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கொத்தனார். பக்கத்தில் ரேடியோ, துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு. பேசிவிடுவோமோ என்று அவருக்கே அவர்மேல் பயம் போல. மூச்சு விட முடியாமல் கண் பிதுங்கியது.

கொத்தனார் தடுமாறி எழுந்தார். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். எல்லாரும் போயிட்டாங்க. நானும் போயிருப்பேன். வழியில கடை இருக்கு. அதான் என்னால போக முடியல. இவரு ஜோடி, அதனால இவரும் இருந்துட்டாரு. நீங்க பாத்துட்டுப் போற வரைக்கும் சத்தம் போடாம இருக்கலாம்னு..."

"யாரு உங்கள வெளிய போகச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. பெரியவங்க வர்றாங்கன்னா நாங்க இருக்கக் கூடாதுல்ல? எந்தத் தெருவா இருந்தாலும் எங்களைத்தானே முதல்ல கிளப்புவாங்க. தடியால தட்டுறதுக்கு முன்னாடி நாமளே போயிட்டா அக்காவுக்குக் கெட்ட பேர் வராதுன்னு பேசிக்கிட்டோம்."

ரேடியோவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. துண்டைப் பிடுங்கினார். "அக்காவே சொன்னாங்க மேடம், ஒரு அழுக்கும் கண்ணுல படக்கூடாதுன்னு. வாரம் பூரா சொன்னாங்க."

எனக்குப் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அக்கா வந்திருந்தாள். காலில் தார் ஒட்டியிருந்தது. கொத்தனாரைப் பார்த்ததும் அவள் தோள் இறங்கியது. பிறகுதான் ரேடியோ சொன்னது அவளுக்கு உறைத்தது.

"துணியைச் சொன்னேன் தம்பி" என்றாள். "தட்டைச் சொன்னேன். செருப்பைச் சொன்னேன்."

அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணனை வெளியே தள்ளிய அன்றைக்கும் அழாதவள். எனக்கும் அழுகைதான் வந்தது, அவனை நினைத்தே வந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

மற்றவர்கள் சந்து முனையில் நின்றார்கள். அக்கா அவர்களைப் பஸ் நிலையத்துச் சுவரோரம் கண்டுபிடித்து ஓட்டி வந்திருந்தாள். ஒருவரும் குடித்திருக்கவில்லை. ஜோடி ஜோடியாகவே போயிருந்தார்கள், ஜோடி ஜோடியாகவே திரும்பியிருந்தார்கள். ஆனால் கிட்டே வரமாட்டேன் என்கிறார்கள். மேடம் வெளியே போய் "உள்ள வாங்க" என்று கூப்பிட்டார். இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். மறுபடி கூப்பிட்டார். அவர்கள் பார்வை எல்லாம் வாசலை அடைத்து நின்ற அந்த வெள்ளைக் கார்மேல் இருந்தது.

மேடம் அதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார். டிரைவரைக் கூப்பிட்டு, "நீ வண்டிய எடுத்துட்டுப் போ. நான் பஸ்ல வந்துக்கறேன்" என்றார். கார் சந்தைத் தாண்டிப் போனதும், முதலில் ஒரு ஜோடி நகர்ந்தது, அப்புறம் இன்னொன்று.

மேடம் சாயங்கால வட்டம் முடியும்வரை இருந்தார். போனில் இருந்த காலிக் கட்டில் படங்களை அழித்ததை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். பஸ் நிலையம்வரை அவரைக் கொண்டுபோய் விட்டவர்கள் கொத்தனாரும் ரேடியோவும். வளைவில் ரேடியோ பேச்சை நிறுத்தவே இல்லையாம், கடை எந்தப் பக்கம் இருந்தது என்றே மேடத்துக்குத் தெரியவில்லையாம்.

பணம் வந்தது. கேட்டதில் கொஞ்சம் குறைத்து, ஏகப்பட்ட போனுக்குப் பிறகு, மாதக் கடைசிக்குச் சற்று முன்னால் வந்தது. குத்தகை எழுதியாகிவிட்டது. அக்கா மாறவில்லை. மறுநாளே நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

போன வாரம் மேடம் மறுபடி வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்தாள். வாய் திறக்கப் போய் ஒரு நிமிடம் தயங்கினாள். வார்த்தையைப் பொறுக்கி எடுக்கிறாள் என்று தெரிந்தது.

"பெரியவங்க வர்றாங்க. அன்னிக்கு எல்லாரும் வீட்டுல இருக்கணும்."

யாரும் தலையாட்டவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொத்தனார்தான் கேட்டார், கேலியாக இல்லை, உண்மையாகவே தெரியாமல்:

"யார் வீட்டுலக்கா?"