பட்டியலில் முதல் பெயர்

இன்று பஸ்ஸில் எங்கள் கல்லூரி உதைபந்தாட்டக் குழுவின் வட்ஸ்அப்பைத் திறந்தேன்.

மெச் அன்று ஒருவன் பட்டியலைத் தொடங்குவான். மற்றவர்கள் அதைக் கொப்பி பண்ணி, கீழே தங்கள் பெயரைச் சேர்ப்பார்கள். இன்று தொடங்கியவன் போன கிழமைப் பட்டியலின் முதல் வரியை அழிக்க மறந்து அப்படியே விட்டுவிட்டான்: "1. சுதன், கோல் கீப்பர்."

மோட்டார் சைக்கிள் விபத்தில் போன சுதனைச் செவ்வாய்க்கிழமைதான் அடக்கம் செய்தோம்.

கீழே பத்துப் பேர் சேர்ந்திருந்தார்கள்.

கப்டனுக்கு அழைத்தேன். "அந்தப் பேர எடுத்துட்டுத் திருப்பிப் போடு தம்பி."

"என்னால ஏலாதண்ணே. நீங்க எடுங்களன்."

நானும் எடுக்கவில்லை.

பதினொன்று நிரம்பிவிட்டதென்று வேறு யாரும் வரவில்லை. பருவத்தின் கடைசி மெச்சைப் பத்துப் பேரோடு ஆடி ஏழு கோல் வாங்கினோம்.

சுதன் நின்றிருந்தாலும் நாலு போயிருக்கும். இல்லையென்று யாராவது சொல்லுங்களேன்.