கிளட்ச் இல்லாத கார்

பைக் ஓட்டுவதை விட்டுவிட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன் என்று சொன்னால் கேட்பவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். ஐம்பத்தாறு வயதில் இந்த மனுஷனுக்கு என்ன கேடு என்பதுதான் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். ஆசைப்பட்டு வாங்கியதாகத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. என் இடது கையால் கிளட்ச்சைப் பிடிக்க முடியவில்லை, அந்தக் காரில் கிளட்ச் கிடையாது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதை மறைப்பதற்காக என் மனைவியின் தலையில் ஒரு பழியைப் போட்டிருந்தேன். இதை எழுத எனக்குப் பெருமையாக இல்லை. மறைத்து மறைத்து அலுத்துப்போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

வீடு பெங்களூர் அல்சூரில், வேலை பொம்மனஹள்ளியைத் தாண்டி. இந்த இரண்டுக்கும் நடுவே முப்பத்தொரு வருஷம் பைக்கில் போய்வந்திருக்கிறேன். ஓசூர் ரோட்டில் காலை நேரத்தில் ஓட்டுகிறவனுக்கு வலது கைக்குப் பெரிதாக வேலை இருக்காது. இடது கைதான் கிளட்ச்சைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து மாரடிக்கும். அது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கிருஷ்ணகிரி வரை போய் இட்லி தின்றுவிட்டு வருவோம். எங்கள் கூட்டத்தில் கடைசி வண்டி என்னுடையது. புதிதாக வருகிறவர்கள் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள, நன்றாக ஓட்டத் தெரிந்தவரைத்தான் கடைசியில் விடுவார்கள். அந்த இடத்தை நான் பதினைந்து வருஷம் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

முதலில் சுண்டுவிரல் மரத்தது. பிறகு பக்கத்து விரல். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், கழுத்தில் நரம்பு நசுங்குகிறது, கை எப்போது வேண்டுமானாலும் பிடியை விட்டுவிடும், இனி டூ வீலர் வேண்டாம் என்றார். சரி டாக்டர் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து பைக்கை ஸ்டார்ட் செய்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் சாவியை ஒளித்து வைத்துவிடுவாள். சட்டைப் பட்டன் போட விரல்கள் மக்கர் செய்ததால் டி-ஷர்ட்டுக்கு மாறினேன். "வயசு திரும்புதோ?" என்று என் மனைவி கிண்டல் செய்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

அவளுடைய அண்ணன் அத்திபெலேயில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். டாக்டரைப் பார்த்த அடுத்த வருஷம் அவருடைய பேத்திக்குக் காது குத்தினார்கள். விசேஷம் முடிந்து திரும்பும்போது பொம்மனஹள்ளி சிக்னலில் நின்றோம். அவள் பட்டுப்புடவையில் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் தாம்பூலப் பை. நான் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடித்திருப்பதாகத்தான் நினைத்தேன். விரல்கள் எந்த நொடியில் விட்டன என்று எனக்கே தெரியாது. வண்டி ஒரு குதி குதித்து முன்னால் நின்ற டெம்போவில் முட்டி, இடது பக்கமாகச் சாய்ந்தது. அவள் கால் அடியில் மாட்டிக்கொண்டது.

நாலைந்து பேர் ஓடி வந்து வண்டியைத் தூக்கினார்கள். "ஏனாயித்து சார்?" என்று ஒருவர் கன்னடத்தில் விசாரித்தார். "ஹிந்தே அல்லாடிபிட்லு" என்றேன். பின்னால் இருந்தவள் அசைந்துவிட்டாள் என்று. யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாயில் அதுதான் வந்தது. தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "அசைஞ்சிட்டேனா?" என்று என்னைக் கேட்டாள். அப்போதாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றேன்.

கணுக்காலில் தகடு வைத்தார்கள். அவளுடைய அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டில் பக்கத்தில் நின்றபடியே திட்டினார். "வண்டில குந்திக்கினா சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு? மாப்ளே ஓட்டினதால தப்பிச்சே. வேற யாராவதுன்னா ரெண்டு பேரும் போயிருப்பீங்க." அவள் எதிர்த்துப் பேசவில்லை. "என் மேலதாண்ணா தப்பு. பை நழுவுச்சு, அதை இழுத்தேன் போல" என்றாள். என் பொய்க்குக் காரணத்தையும் அவளே தேடிக் கொடுத்துவிட்டாள். எனக்கு அங்கே நிற்கவே கூசியது. ஆனாலும் நின்றேன்.

அதன் பிறகு அவள் பைக்கில் ஏறவில்லை. கூப்பிட்டால், நான் ஏறினால் உங்களுக்கும் ஆபத்து என்பாள். நான் மட்டும் வெட்கமில்லாமல் இன்னும் மூன்று வருஷம் ஓட்டினேன். ஓட்டினேன் என்று பேர். கையில் இறுக்கமாகக் கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு, தூரத்தில் சிக்னல் தெரிந்தாலே நியூட்ரலுக்கு வந்துவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்திபெலே டோல்கேட்டிலேயே கை செத்துப்போனது. கடைசி வண்டிக்காரனுக்காக மற்றவர்கள் முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனி வரவில்லை, வீட்டில் ரொம்பப் பயப்படுகிறாள் என்று. அவர்களும் புரிந்ததுபோலத் தலையாட்டினார்கள். பெண்டாட்டி பேச்சைக் கேட்டு வண்டியை விற்றுவிட்டான் என்று பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது. அந்தப் பேச்சையும் நான் மறுக்கவில்லை.

கிளட்ச் இல்லாமல் ஓடும் சாதுவான கார்கள் தெருவுக்குப் பத்து நிற்கின்றன. அதில் ஒன்றை வாங்கியிருந்தால், முடியாமல் இறங்கி வந்துவிட்டான் என்பார்கள். அந்தப் பேச்சு வரக் கூடாது என்பதற்காகவே சிவப்பு நிறத்தில், இரண்டே கதவும் இரண்டே சீட்டுமாக, தரையோடு தரையாக இழையும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். பைக்கைவிட வேகம் என்று எல்லோரிடமும் சொன்னேன். பெங்களூரில் அந்த வேகத்தை எங்கே போய்க் காட்டுவது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அதில் உட்காருவதென்றால் பள்ளத்தில் இறங்குவதுபோல இறங்க வேண்டும். தகடு வைத்த காலோடு அவள் எப்படி எழுந்திருப்பாள் என்றும் நான் யோசிக்கவில்லை.

கார் வாங்கிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் பூஜைக்காக அல்சூரில் எங்கள் கோயிலுக்குப் போனோம். ஐயர் சந்தனம் பூசி, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். தம்பதியாக உட்கார்ந்து நசுக்கிவிட்டு வரச் சொன்னார். நாலும் நசுங்கியதும் காரை ஓரமாக நிறுத்தி இறங்கினேன். ஐயர் என் வலது கையில் தேங்காய் மூடியும் பூவும் குங்குமமும் வைத்தார். சாமியைச் சுற்றிவிட்டு வரலாம் என்று அவள் பக்கக் கதவைத் திறந்தேன். அவள் ஒரு காலை வெளியே வைத்து, கதவைப் பிடித்து எழுந்து பார்த்தாள். முடியவில்லை. இரண்டாவது தடவையும் முடியவில்லை. எதிரே பூ விற்கிற அம்மா, "ஏறறதுக்கு முன்னாடியே எறங்கறதுக்கு வழி பாத்துக்கினு வாங்கியிருக்கணும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள்.

"கையைக் குடுங்க" என்றாள்.

வலது கையில் பிரசாதம். அதை இடது கைக்கு மாற்றக் கூடாது என்பது பழக்கத்தில் ஊறிப்போன விஷயம். யோசிக்காமல் இடது கையை நீட்டிவிட்டேன். அவள் பிடித்துக்கொண்டு முழு பாரத்தையும் போட்டு எழுந்தாள். பாதி எழுந்ததும் என் விரல்கள் விட்டன. அவள் தொப்பென்று சீட்டில் விழுந்தாள். அடி எதுவும் படவில்லை. ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது. என் கையை மறுபடி எடுத்து, சுண்டுவிரலை மடக்கிப் பார்த்தாள், நகத்தால் அழுத்திப் பார்த்தாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"எத்தினி நாளா இப்பிடி?"

"கொஞ்ச நாளா."

"கோயில் வாசல்ல பொய் சொல்லாதீங்க."

"நாலு வருஷம் ஆச்சு."

"என் கால் போயி மூணு வருஷம் ஆவுது" என்றாள். பிறகு, "அப்போ நான் அசையல."

"நீ அசையல" என்றேன்.

"மூணு வருஷமா யோசிச்சிக்கினு இருக்கேன். பையை இழுத்தேனா, முந்தானையைச் சொருகினேனா, எதுல அசைஞ்சேன்னு. ஒண்ணுமே ஞாபகத்துக்கு வரல. வயசாவுது, மறந்துபோச்சு போலன்னு நெனச்சேன்."

அழுதிருந்தாலோ நாலு வார்த்தை திட்டியிருந்தாலோ எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் பூக்காரம்மாவைக் கூப்பிட்டு, அவர் தோளைப் பிடித்து எழுந்தாள். சாமி சுற்றவில்லை. வழியில் போன ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டு, நீங்க வாங்க என்று மட்டும் சொன்னாள். நான் அந்த ஆட்டோவுக்குப் பின்னால் சிவப்புக் காரில் ஊர்ந்து போனேன். வேகத்தடைக்காகப் போட்ட ஒவ்வொரு ஹம்ப்பிலும் அடி இடிக்காமல் இருக்கக் காரைக் கோணலாகத் திருப்ப வேண்டியிருந்தது. பின்னால் ஹாரன் அடித்துத் தள்ளினார்கள். மூன்றாவது ஹம்ப்பில் ஆட்டோ கண்ணை விட்டு மறைந்தது.

வீட்டுக்குப் போனபோது அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். நான் வீட்டிலேயே விட்டுப்போன போன் எனக்காக மேஜைமேல் காத்திருந்தது. "யார் யார்கிட்ட சொன்னீங்களோ, அத்தினி பேருக்கும் நீங்களே சொல்லுங்க. மொதல்ல எங்க அண்ணனுக்கு. ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள்.

போட்டேன். "மச்சான், அன்னைக்கு சிக்னல்ல அவ அசையல. என் கைதான் விட்டுடுச்சு. எனக்கு நரம்புக் கோளாறு இருந்துச்சு, ஓட்டக் கூடாதுன்னு டாக்டரு முன்னாடியே சொல்லியிருந்தாரு. நான்தான் மறைச்சிட்டு அவ மேல போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் அவர் மெதுவாகச் சிரித்தார். "மாப்ளே, உங்க மனசு யாருக்கு வரும்? அவ மேல பழி இருக்கக் கூடாதுன்னு இத்தினி வருஷம் கழிச்சு நீங்க ஏத்துக்கிறீங்க பாருங்க. உடுங்க மாப்ளே. அவ சின்ன வயசுலேந்தே அப்பிடித்தான், ஒரு எடத்துல சும்மா குந்த மாட்டா."

நான் அவளைப் பார்த்தேன். முகத்தில் கோபம்கூட இல்லை, வெறும் களைப்புதான் இருந்தது. போனை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"மறுபடி சொல்லுங்க" என்றாள். "அவரு நம்புற வரைக்கும் சொல்லுங்க."