பத்தாவது ஆளுக்காக ஒரு பம்பாய்ப் பயணம்

தாராவி, மாதுங்கா, செம்பூர் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா என்று வாசகி ஒருவர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார். தாராளமாக முடியும். எனக்கு முதல் தடவை பன்னிரண்டு நாள் ஆயிற்று, அவ்வளவுதான். அந்தப் பன்னிரண்டு நாளை இங்கே எழுதிவைக்கிறேன். வருஷம் 1966, மே மாதம். கட்டணங்களைப் படித்துவிட்டு அதே காசை எடுத்துக்கொண்டு யாரும் கிளம்பிவிடாதீர்கள், நான் பொறுப்பில்லை.

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. திருநெல்வேலிப் பக்கம் ஒரு தாலுகா ஆபீஸில், உணவு வழங்கல் பிரிவில் குமாஸ்தா. யார் எவ்வளவு அரிசி வைத்திருக்கலாம், எந்த எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்று தாளில் எழுதி முத்திரை குத்துவது என் பிழைப்பு. எங்கள் தெருவில் இசக்கி என்று ஒருவர் இருந்தார். தகர வேலை தெரிந்தவர். மூன்று பெண் பிள்ளைகள். மழை பொய்த்து ஊரே காய்ந்துகிடந்ததால் அவருக்கு வேலை கொடுக்க ஆளில்லை. என் அக்கா செல்லம்மாளின் புருஷன், அதாவது என் அத்தான், தாராவியில் தகரப் பட்டறை வைத்திருந்தார். "அத்தான்கிட்ட சேத்துவிடுதேன், என்கூட வாரும்" என்று இசக்கியிடம் வாயைக் கொடுத்துவிட்டேன். இருந்த இரண்டு ஆட்டையும் விற்று அவர் டிக்கெட் வாங்கினார். வேலை கிடைக்காவிட்டால் என் லீவு முடிகிற அன்று என்னோடேயே திரும்ப வேண்டியதுதான். அந்தப் பெண் பிள்ளைகள் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

திருநெல்வேலியிலிருந்து சாயங்கால வண்டி, காலையில் எழும்பூர். அங்கிருந்து சென்ட்ரல் இரண்டு கிலோமீட்டர்; சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒரு ரூபாய் கேட்டு எழுபத்தைந்து பைசாவுக்கு இறங்கிவந்தார். சென்ட்ரலில் பம்பாய் வண்டி இரவு எட்டே காலுக்கு. மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு இருபத்தெட்டு ரூபாய்ச் சொச்சம். இரண்டு இரவு, நடுவில் ஒரு முழுப் பகல். தண்ணீருக்குக் கூஜா கட்டாயம்.

என் சுருட்டிய படுக்கைக்குள் எட்டுக் கிலோ அரிசி இருந்தது. பம்பாயில் ரேஷன் அரிசி வாயில் வைக்க முடியவில்லை என்று அக்கா எழுதியிருந்தாள். மாநிலம் தாண்டி அரிசி கொண்டுபோகக் கூடாது என்ற உத்தரவைப் படி எடுத்து ஊர் ஊராக அனுப்பியவன் யார் என்று கேட்காதீர்கள். குண்டக்கல்லில் போலீஸ்காரர்கள் மூட்டைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். நான் அந்தப் படுக்கையின் மேல் உட்கார்ந்து, வெளியே ஏதோ அதிசயத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"அண்ணாச்சி, இது நீங்க முத்திரை குத்துன உத்தரவுதான?" என்றார் இசக்கி மெதுவாக.

"வாயை மூடும் ஓய்."

என் படுக்கையைத் தட்டாமலே போலீஸ்காரர்கள் தாண்டிப் போனார்கள், நாங்கள் தப்பித்தோம். என் கூடப்பிறந்தவளுக்கு நான் சோறு கொண்டுபோவதற்கு எதற்கய்யா திருடனைப்போல் முழிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கோபம் வந்தது.

நான்காம் நாள் காலை ஆறரைக்கு தாதரில் இறங்கினோம். சயானுக்கு பஸ், பதினைந்து பைசா. அங்கிருந்து தாராவிக்குள் இருபது நிமிஷ நடை. அத்தானின் பட்டறையைக் கண்டுபிடிக்க வழி கேட்கவே வேண்டாம், சத்தம் வந்த பக்கம் போனால் போதும். பழைய எண்ணெய் டின்களை வெட்டி, தட்டி நிமிர்த்தி, பெட்டி, புனல், தட்டு என்று செய்வார்கள். ஒன்பது ஆட்கள், கரண்ட் மோட்டாரில் ஓடும் ஒரு பிரஸ் மெஷின். அத்தான் தானும் சுத்தியல் பிடித்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். அக்கா அரிசியை மோந்து பார்த்துவிட்டு என்னை விட்டுவிட்டு அரிசியைக் கட்டிக்கொண்டாள்.

இசக்கியின் கையில் ஒரு தகரத்தைக் கொடுத்து மடிக்கச் சொன்னார் அத்தான். இசக்கி மடித்த மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல கை. ஆனா பத்தாவது ஆளுல்லா!"

எனக்குப் புரியவில்லை. கட்டிங் என்று அங்கே சொல்கிற அரை கிளாஸ் டீ வரவழைத்துவிட்டு அத்தான் விளக்கினார்.

"மாப்ளே, கேட்டுக்கிடும். மோட்டார் வச்ச பட்டறையில ஒம்பது பேரு இருந்தா அது என் பட்டறை. பத்தாவது ஆளு காலை வச்சாம்னா அது பேக்டரி. பெறவு இன்ஸ்பெக்டர் வருவான். ஜன்னல் எத்தன அடிம்பான், சுண்ணாம்பு எப்ப அடிச்சம்பான், ரெஜிஸ்டர் எங்கம்பான். இந்தச் சந்துல ஜன்னலுக்கு நான் எங்க போவேன்? ஒம்பது பேரையும் அனுப்பிட்டு கடையைச் சாத்த வேண்டியதுதான்."

"சட்டம் தொழிலாளி நன்மைக்குத்தான அத்தான் போட்டிருக்கு?" என்றேன். சர்க்கார் சம்பளம் வாங்குகிற நாக்கு வேறு என்ன சொல்லும்?

"இந்தா நிக்காரே இசக்கி, இவரு தொழிலாளிதான? இவருக்கு என்ன நன்மை பண்ணிச்சு? சொல்லும், கேப்போம்."

நான் பிரஸ் மெஷினைக் காட்டினேன். அதில் வேலை செய்த மாரியப்பனுக்கு வலது ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. "இன்ஸ்பெக்டர் வந்திருந்தா மெஷினுக்கு முன்னால ஒரு மறைப்பு போடச் சொல்லியிருப்பான். அந்த விரல் இருந்திருக்கும்" என்றேன். அத்தான் முகம் சுண்டிப்போயிற்று. மறைப்புப் போட்டால் வேலை ஓடாது என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு சுத்தியலை எடுத்தார். மாரியப்பன் வீட்டில் கிடந்த இரண்டு மாதமும் அத்தான் முழுக் கூலி கொடுத்தார் என்றும், அந்த இரண்டு மாதமும் இவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றும் அக்கா பிறகு சொன்னாள். அப்படிப் பேசியிருக்க வேண்டாமோ என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது.

சரி, சர்க்காரே வேலை கொடுக்கட்டும் என்று மறுநாள் இசக்கியை செம்பூருக்கு அழைத்துப்போனேன். சயானில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி, செம்பூர். இருபது பைசா, முக்கால் மணி நேரம். அங்கே ஒரு பெரிய சர்க்கார் உர ஆலையின் வாசலில், வேலைவாய்ப்பு ஆபீஸ் அட்டை இருக்கிறதா என்றார்கள். அட்டை வாங்கப் போனால் வரிசை. வரிசை நகர்ந்தால் குடியிருப்புச் சான்று. மூன்றாம் நாள் அட்டை கிடைத்தது. முறைப்படி கடிதம் வரும், ஒன்றிரண்டு வருஷம் ஆகலாம் என்றார் ஒரு நல்ல மனுஷர். உண்மையிலேயே நல்ல மனுஷர். என் ஆபீஸில் நானும் இதே குரலில்தான் சொல்வேன்.

அன்றைக்கு அத்தான் எங்களோடு வந்திருந்தார். பிரிவினையில் அகதியாக வந்து செம்பூர் முகாமில் கடை போட்டிருந்த ஒரு சிந்திக்காரருக்கு நாற்பது பெட்டி கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்துவிட்டு சாலையோரம் நின்று ஆலைப் புகைபோக்கியைக் காட்டினார்.

"கவர்மெண்ட்டுக்காரன் கோடி கோடியா கொட்டுதான் பாத்தீரா? கொட்டட்டும். எங்க சந்துல அத்தன குடும்பத்துக்கும் ஒரே குழாய், அதுவும் காலையில ஒரு மணி நேரம். அந்தச் சிந்திக்காரர் சேட்டு ரோட்டுல துண்ட விரிச்சு ஆரம்பிச்சவரு. இன்னைக்கு அஞ்சு பேருக்கு வேலை குடுக்காரு. அவருக்கு யாரும் கோடி குடுக்கல, யாரும் குறுக்க நிக்காம இருந்தா அதுவே கோடி."

எதிர்த்துப் பேச என்னிடம் ஆயிரம் இருந்தன. உரம் வேண்டாமா, விளைச்சல் வேண்டாமா? ஆனால் இசக்கி அந்த அட்டையைப் பத்திரமாகச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்ததைப் பார்த்ததும் ஸ்டேஷன் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். லீவில் ஏழு நாள் போயிருந்தது.

எட்டாம் நாள் அத்தானோடு மாதுங்கா. தாராவியிலிருந்து நடந்தே போகலாம், இரண்டரை கிலோமீட்டர். பூக்கடை, வெற்றிலைக் கடை, காபி வாசனை என்று நம் ஊருக்கு வந்துவிட்ட மாதிரியே இருக்கும். இரண்டு இட்லி இருபத்தைந்து பைசா, காபி இருபது. இரண்டாவது சட்னி கேட்டால் முகம் சுளிக்காமல் போடுவார்கள். அத்தானுக்கு வரவு செலவு எழுதிக்கொடுக்கும் வைத்தியநாதன் அங்கே ஒரு மாடியில் குடியிருந்தார். ஏதோ கம்பெனியில் இருபது வருஷக் கணக்கர். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்கா இத்தனை அவஸ்தைப்படறேள்? பட்டறைக்கு நடுவுல ஒரு தடுப்பு வையும். ரெண்டு வாசல், ரெண்டு கரண்ட் மீட்டர், ரெண்டு பேர்ல பதிவு. இன்னொண்ணு உம்ம ஆம்படையா பேர்ல இருக்கட்டும். உமக்கு ஒன்பது, அவாளுக்கு ஒன்பது. ஆனா ஒண்ணு, நிஜமாவே அவா பட்டறையா இருக்கணும். சும்மா பேருக்குன்னா மாட்டிப்பேள்."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னார் அத்தான். "சும்மா பேருக்குத்தான் செல்லம்மா. நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "பேரு என் பேருதான?" என்று மட்டும் கேட்டாள்.

பத்தாம் நாள் காலை பத்தரைக்கு கடைப் பதிவு செய்யும் ஆபீஸில் நின்றோம். விண்ணப்பம் நான் எழுதியது. அந்த ஒரு வித்தையாவது தெரியுமே. கவுண்டரில் இருந்தவர் படித்துப் பார்த்தார், அக்காவை ஏற இறங்கப் பார்த்தார், புருஷனின் சம்மதக் கடிதம் எங்கே என்று இந்தியில் கேட்டார்.

அத்தானுக்கு வந்ததே கோபம்! "அரே பாய், தந்தா உஸ்கா, சஹி உஸ்கா, மேரா பர்மிஷன் காய்க்கோ?" என்று கவுண்டரில் அடித்தார். தொழில் அவளுடையது, கையெழுத்து அவளுடையது, என் அனுமதி எதற்கு என்று வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற சத்தம். பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் தொடர்ந்தார். "ஒரு ஆளு தன் கையால பொழைக்கதுக்கு எவன் சம்மதம் வேணும்? கவர்மெண்ட்டு சம்மதமே வேண்டாங்கேன், இதுல புருஷன் சம்மதமா? நான் யாருய்யா அவளுக்கு பெர்மிஷன் குடுக்க?"

அந்த ஆபீஸில் நான் குமாஸ்தாவாக இருந்திருந்தால் நானும் அந்தக் கடிதத்தைக் கேட்டிருப்பேன். அதை நினைத்து எனக்குக் கூச்சமாக இருந்தது. அத்தானைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, சொல்லிவிடுகிறேன். கவுண்டர்காரர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், அப்படி ஒரு விதியைக் காணோம். கடிதம் இல்லாமலே வாங்கிக்கொண்டார். அக்கா நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, செல்லம்மாள் என்று எழுதினாள். எழுதி முடித்துவிட்டு அத்தானைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஏதோ வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தகரக்காரர்களுக்குத் தடுப்புச் சுவர் வைக்க எத்தனை நேரம் ஆகும்? அன்று சாயங்காலமே எழும்பிவிட்டது. மறுநாள் காலை அக்கா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்து, பிரஸ் மெஷின் தன் பக்கம் வர வேண்டும் என்றாள். மெஷினோடு மாரியப்பனும் வந்தார். இசக்கியைக் கூப்பிட்டு முதல் வேலை கொடுத்தாள்: மெஷினுக்கு முன்னால், கை உள்ளே போகாதபடி ஒரு மறைப்பு.

அத்தான் ஓடிவந்தார். "ஏட்டி, வேலை ஓடாது! ஒரு நாளைக்கு நூறு தட்டு குறையும்!"

"குறையட்டும். என் ஷெட்டுல என்ன செய்யணும்னு நான் யார்கிட்டயும் பெர்மிஷன் கேக்கணுமா? நேத்து கவுண்டர்ல அந்தச் சத்தம் போட்டது நீங்கதான?"

இரண்டு பக்கத்து ஆட்களும் வெடித்துச் சிரித்தார்கள். பிறகு அத்தானும் சிரித்துவிட்டார். அரை நாளில் இசக்கி மறைப்பை முடித்தார். மாரியப்பன் அந்தப் பாதி விரலை வைத்து இடுக்கில் நுழைகிறதா என்று பார்த்தார். நுழையவில்லை. அன்று மத்தியானம் எல்லோருக்கும் நான் கொண்டுபோன அரிசிச் சோறு. "உத்தரவு மீறுன சோறு ருசியாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றார் இசக்கி, இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டே. அத்தான் சாப்பிட்டுக்கொண்டே விரல் விட்டு எண்ணி, தன் பக்கம் இப்போது எட்டுப் பேர்தான், இன்னும் ஓர் ஆள் போடலாம் என்றார்.

நான் திரும்பிப்போய் இன்னும் முப்பத்திரண்டு வருஷம் முத்திரை குத்தினேன். சட்டமே வேண்டாம் என்று அத்தானைப்போல் என்னால் இன்றும் சொல்ல முடியாது. மாரியப்பனின் விரல் கண்ணில் நிற்கிறது. ஆனால் ஓர் உத்தரவு யாரைக் காக்கிறது என்றுதான் தாளில் எழுதுகிறோம், யாரை வாசலோடு நிறுத்துகிறது என்று எழுதுவதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வோர் உத்தரவிலும் அந்தப் பத்தாவது ஆளைத் தேடிப் பார்த்தேன். சில தடவை மேலதிகாரியிடம் திட்டும் வாங்கினேன்.

இனி வாசகிக்கு. நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். காலை ஏழரைக்கு மாதுங்காவில் டிபன், பிறகு தாராவிக்கு நடை, மத்தியானம் சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி செம்பூர். தேய்ந்த செருப்பு வேண்டாம், சந்துகளில் தகரத் துண்டு கிடக்கும். பட்டறைகளில் யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், கேட்காமல் உள்ளே நுழையவும் வேண்டாம்.

அத்தானே கேட்டுவிட்டுத்தான் நுழைந்தார். பன்னிரண்டாம் நாள் ரயிலுக்குக் கிளம்புமுன் சொல்லிக்கொள்ளப் போனேன். அக்காவின் வாசலில் ஒரு கையில் இரண்டு டீ கிளாஸோடு நின்று, தானே வைத்த தகரத் தடுப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மொதலாளியம்மா, உள்ள வரலாமா?"

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. "மெஷின் ஓடுது. நின்ன பெறவு வாங்க."

எந்த ஆபீஸ் வாசலிலும் ஐந்து நிமிஷம் பொறுக்காத மனுஷர், டீ ஆறுகிற வரை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.