சில்வர் ஓக்கின் ஒரு கிளை

மகள் ஞாயிறு காலைகளில் கனடாவிலிருந்து வீடியோவில் கூப்பிடுவாள். நலம் விசாரிப்பது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். "போனை ஜன்னல் பக்கம் திருப்புங்கப்பா" என்பாள். குன்னூரில் என் சமையலறைக்கு வெளியே, கூரை விளிம்பிலிருந்து துணிக்கொடிக் கம்பம் வரை ஒரு கம்பி கட்டி, நடுவில் தினைத் தட்டு தொங்கவிட்டிருந்தேன். சில்லைக் குருவிகள் வரும். இறங்குவதும் கொத்துவதும் சண்டை போடுவதுமாக அரைமணி நேரம் போகும். இருவரும் பார்த்துக்கொண்டிருப்போம். அவளுடைய அம்மா இறந்த பிறகு எங்களுக்குள் மிச்சமிருந்த நீண்ட பேச்சு இதுதான்.

கோடையில் அணில்கள் தட்டைக் கண்டுபிடித்தன. ஒன்று தட்டுக்குள்ளேயே உட்கார்ந்து தின்னும். மற்றது கம்பியில் காத்திருக்கும். சில்லைகள் பக்கத்து சில்வர் ஓக் மரத்தில் சற்று நேரம் இருந்துவிட்டுப் போய்விடும். மகள் முதல் வாரம் அணிலைப் பார்த்துச் சிரித்தாள். பிறகொரு ஞாயிறு, "இது இங்கே தெருவெல்லாம் ஓடுதேப்பா" என்று சீக்கிரமே வைத்துவிட்டாள்.

காலி தண்ணீர் பாட்டில்களைக் கம்பியில் கோத்தேன். அணில் கால் வைத்ததும் பாட்டில் உருண்டது, அணில் விழுந்தது. மறுநாள் அது கம்பிப் பக்கமே போகவில்லை. சில்வர் ஓக் கிளையிலிருந்து நேராகத் தட்டில் குதித்தது.

மழைக்கு முன் தேயிலைக்கு வெளிச்சம் விழுவதற்காக எஸ்டேட்டில் சில்வர் ஓக் கிளைகளை வெட்டுவார்கள். அந்த வேலை செய்பவர் ஒருவர் கீழ்வளைவில் குடியிருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கிளையைக் காட்டினேன்.

"இது ஒண்ணுதாங்க. அணில் தாவாம இருந்தாப் போதும்."

"அதுக்கென்னங்க சார், வெட்டிப்போடலாம்."

கடைக்குப் போய்த் திரும்பினேன். உச்சியில் ஒரு கொத்து தவிர மரம் மொட்டை. எஸ்டேட்டில் எப்படியோ அப்படியே.

"ஒரு கிளைன்னு சொன்னேனேங்க?"

"ஒண்ணை வெட்டுனா மத்ததுல இருந்து தாவுமுங்க. இனி றெக்கை மொளைச்சாத்தானுங்க அதுக்குத் தினை."

விறகைக் கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தார். "இப்பத்தானுங்க உங்க ஊட்டுக்குள்ள வெளிச்சமே வருது!"

அணில்கள் வரவில்லை. சில்லைகளும் வரவில்லை. தட்டில் இறங்கும் முன் அவை அந்தக் கிளைகளில்தான் உட்கார்ந்து சுற்றிலும் பார்க்கும். இப்போது உட்கார இடமில்லை.

அந்த ஞாயிறு போனைத் திருப்பினேன். திரையில் அடிமரமும் மூடுபனியும்.

"எப்பப்பா துளிர்க்கும்?"

"மழை முடிஞ்சதும்னு சொல்றாங்க."

"அப்ப மழை முடிஞ்சதும் கூப்பிடறேன்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. வேலை அதிகம் என்று ஒரு வரி வந்தது. வெளியே தூறல், தட்டில் தினை முளைவிட்டிருந்தது. 'இன்று சில்லைகள் வந்தன' என்று பதில் எழுதினேன். ஜன்னலை இன்னொரு முறை பார்த்தேன். எழுதியதை அழித்துவிட்டு, 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று அனுப்பினேன்.