சுவரைத் தாண்டி வந்த பின்பாதி

எங்கள் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவே இருந்த சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழத்துக்கு வெறும் இடைவெளி. தோட்டத்து ஆட்களுக்கென்று ஒற்றை அறைகளை வரிசையாக வைத்து அந்த லயத்தைக் கட்டிய வெள்ளைக்காரத் துரை கல்லையும் சுண்ணாம்பையும் மிச்சம் பிடித்தாரோ என்னவோ, எல்லாக் குடும்பத்தின் புகையும் இருமலும் பேச்சும் ஒன்றாகவே கிடந்தன. அந்தப் பக்கம் கருவாடு சுட்டால் இந்தப் பக்கம் எங்களுக்கு வெறுஞ்சோறு இறங்கும். இப்போது நான் மகன் கட்டிய வீட்டில் இருக்கிறேன். சுவர் கூரை வரைக்கும் இருக்கிறது. அடுத்த அறையில் பேரப்பிள்ளை அழுதால்கூடக் கதவைத் திறந்தால்தான் கேட்கும். மாதா கோயிலில் சாமியார் தெய்வபயத்தைப் பற்றிப் பிரசங்கம் வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு முழ இடைவெளிதான் ஞாபகத்துக்கு வரும். அதன் வழியாகத்தான் எங்கள் அம்மாவுக்கு அந்தப் பயம் வந்தது.

இலங்கை சுதந்திரம் வாங்கி, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று எங்கள் ஆட்களுக்கு ஓட்டு இல்லையென்று ஆன காலம் அது. டிக்கோயாவிலிருந்து மலையேறி வர வேண்டிய தோட்டம் எங்களுடையது. அப்பாவும் பக்கத்துக் காம்பரா மாமாவும் கவ்வாத்துக்காரர்கள். முற்றிய தேயிலைச் செடியை வளைந்த கத்தியால் ஒரே வீச்சில் தறிப்பவர்கள். மாமா எங்களுக்குச் சொந்தமில்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். அவர் சம்சாரம் எனக்கு அத்தை. ஒரு சம்பள நாள் சாயங்காலம் மாமாவின் ஆடு எங்கள் போஞ்சிப் பந்தலுக்குள் புகுந்து மேய்ந்துவிட்டது. அப்பா குடித்திருந்தார். மண்வெட்டிப் பிடியால் ஆட்டை அடித்தார். முன்னங்கால் முறிந்து அது மனுசப் பிள்ளை மாதிரிக் கத்தியது. மாமாவும் குடித்திருந்தார். "வாயில்லாத சீவனப் போட்டு அடிக்கிறியே, ஆம்பளன்னா என்னைய அடிடா" என்று வந்தார். அப்பா அடித்தார். அதே பிடியால் தலையில் அடித்தார். மாமா நெற்றி ரத்தத்தை வழித்துக்கொண்டே உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. செடியை எப்படி வெட்டுவாரோ அப்படித்தான், சாய்த்து, ஒரே வீச்சு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. அப்பா போஞ்சிக் கொடிகளைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பந்தலும் அவரோடு விழுந்தது. அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொடிக்குள் அப்பாவின் கால் உதைத்து உதைத்து நின்றுபோனதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். மாமா ஓடவில்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் காலைத் தடவினார். பொலிஸ் வரும் வரைக்கும் தடவிக்கொண்டே இருந்தார்.

போதையில், சண்டையில் நடந்தது என்று கோர்ட்டில் தூக்குக் கொடுக்கவில்லை. கண்டி ஜெயிலுக்கு அனுப்பினார்கள். அத்தை கொழுந்து எடுப்பவள், அவள் பேர் தோட்டத்தில் பதிவு. அதனால் காம்பரா அவளுக்கே இருந்தது. வேறு காம்பரா கேட்டு அம்மா துரையின் பங்களா வாசலில் காத்து நின்றாள். காலி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா ஒரு பழைய சாக்கைக் கொண்டுவந்து சுவருக்கு மேலே இருந்த இடைவெளியை மூடினாள். சாக்கு புகையைக் கொஞ்சம் தடுத்தது. சத்தத்தைத் தடுக்கவில்லை.

நாங்களும் வேதக்காரர்கள், அவர்களும் வேதக்காரர்கள். தினமும் விளக்கு வைத்ததும் அம்மா மாதா படத்துக்கு முன்னால் எங்களை முட்டிபோட வைத்துச் செபமாலை சொல்வாள். மங்கள வார்த்தையின் முன்பாதியை, மாதாவை வாழ்த்துகிற பாதியை, அவள் சொல்வாள். பாவிகளாயிருக்கிற எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்கிற பின்பாதியை அண்ணனும் நானும் சொல்ல வேண்டும். மாலையின் ஐம்பத்து மூன்று மணிக்கும் அப்படித்தான். தூங்கி விழுந்தாலும் அம்மா நிறுத்தும் இடத்தில் எங்கள் வாய் தானாகத் திறந்துகொள்ளும். எல்லாம் முடிந்ததும் சாக்குத் தொங்கும் சுவரைப் பார்த்து அம்மா சத்தமாக ஒன்று சொல்வாள்: "ஆண்டவரே, நீங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்கீங்க. அவன மட்டும் விட்றாதீங்க." அந்தப் பக்கம் சட்டி கழுவும் சத்தம் நின்றுவிடும்.

அம்மாவுக்குத் தெரிந்த பெரிய அதிகாரம் துரையுடையதுதான். துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் தூரத்தில் கேட்டாலே கூடையோடு குனிந்துகொள்கிறவள் அவள். ஆண்டவரையும் அந்த இடத்தில்தான் வைத்திருந்தாள். பங்களா இன்னும் கொஞ்சம் உயரத்தில், அவ்வளவுதான். முறைப்பாட்டை விடாமல் வைத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் எதிராளியைக் கூப்பிட்டு அடித்து விரட்டுவார் என்று நம்பினாள். நாங்கள் பொய் சொன்னாலும், "மேல இருக்கிறவரு பெரம்பக் கீழ வைக்கிறதே இல்ல" என்பாள்.

நான் கூடை கட்டிக் கொழுந்துக்குப் போகத் தொடங்கி, அண்ணனும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற ஆளான பிறகு மாமா விடுதலையாகி வந்தார். தலை நரைத்து, நெஞ்சு கூடாகிப் போயிருந்தது. அவரை வேறு பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வரவில்லை, மனசுக்குள்ளும் மாமாதான். துரை வேலை கொடுக்கவில்லை. வெளியே தலைகாட்டாமல் காம்பராவுக்குள்ளேயே கிடந்தார். அவர் வந்த அன்று சாயங்காலம் அம்மா முட்டிபோட்டு முதல் முன்பாதியைச் சொல்லி நிறுத்தினாள். நாங்கள் வாய் திறக்கும் முன்னே சாக்குக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், அடித்தொண்டையில், பின்பாதியைச் சொன்னது. அம்மாவின் விரலில் மணி அப்படியே நின்றது. அண்ணன் எழுந்து சுவரை உதைத்தான். சுண்ணாம்பு உதிர்ந்தது.

"வாய மூட்றா, கொலகாரா!"

அம்மா மாலையைச் சுருட்டி டப்பாவில் போட்டு மூடினாள். அதோடு எங்கள் வீட்டில் செபம் நின்றுபோனது.

மாதம் ஒரு தடவை பூசை வைக்க வரும் சாமியாரின் காதுக்கு அது போய்விட்டது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் அம்மாவைக் கூப்பிட்டு, "ஏனம்மா செபத்தை விட்டுட்டீங்கள்? ஆண்டவரோட கோவமோ?" என்று கேட்டார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிலத்தைப் பார்த்தே பேசினாள்.

"கோவமில்லீங்க சாமி. பயம்."

"என்ன பயம்?"

"நான் கேக்கிறதும் அவன் கேக்கிறதும் ஒரே செபமா மேல போனா, அவரு ரெண்டு பேருக்கும் சேத்துக் குடுத்துருவாருங்களே. அவன அடிப்பாருன்னு நெனச்சித்தானே இத்தன காலமும் முட்டி தேய வேண்டுனேன். மன்னிச்சிட்டாருன்னா நான் என்னாங்க சாமி செய்வேன்?"

சாமியார், "எனக்கும் சில ஆக்களை நினைச்சா அந்தப் பயம் வாறதுதான் அம்மா" என்று மட்டும் சொன்னார்.

அண்ணனுக்கு அந்த மாதிரிப் பயமெல்லாம் இல்லை. கூட வேலை செய்கிறவர்கள் அவனைச் சும்மா விடவில்லை. ஒருவன் எங்கள் இஸ்தோப்பில், வாசல் திண்டிலேயே உட்கார்ந்துகொண்டு, "அப்பன வெட்டுனவன் கொறட்ட விடுறதக் கேட்டுக்கிட்டே தூங்குறியாமே, ஒனக்கு எதுக்குடா மீச?" என்றான். உள்ளே எல்லாருக்கும் சாயத்தண்ணி, பாலில்லாத வெறும் தேநீர், ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, "அவன் மீசய விடு. நேத்து மலையில கண்டாக்கையா ஒன்னைய நாயேன்னு ஏசுறப்ப ஒன் மீச எங்க போயிருந்துச்சி?" என்று கேட்டாள். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கிடம் ஏச்சு வாங்காதவர்கள் யாரும் இல்லை, எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. கத்தியைக் கல்லில் தீட்டினான். அன்றிலிருந்து தினமும் தீட்டினான். வேலைக்குத் தீட்டுகிற அளவு எனக்குத் தெரியும். இது அதுக்கு மேலே.

அம்மா சோற்றுத் தட்டோடு அவன் முன்னால் நின்றாள். "அப்பனப் பறிகுடுத்தேன். ஒன்னையத் தூக்குமரத்துக்கு அனுப்பவாடா வளத்தேன்?"

"அவன் மட்டும் திரும்பி வந்துட்டான்ல?"

"அவன் குடிவெறியில வெட்டுனான். நீ கத்தியத் தீட்டித் தீட்டி வெட்டப் போற. ஒன்னைய விடமாட்டாங்க. ஆண்டவரும் கேப்பாரு."

"கேக்கட்டும். அவனக் கேட்டுட்டு என்னையக் கேக்கட்டும்" என்று தட்டைத் தட்டிவிட்டான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம், அண்ணன் குடிக்காமல் வந்தான். குடித்திருந்தால் அம்மா அவ்வளவு பயந்திருக்க மாட்டாள். எங்கள் வாசலைத் தாண்டி நேரே போனான். பக்கத்துக் கதவு உடையும் சத்தம் கேட்டது, அத்தை அலறினாள், நான் ஓடினேன். மாமாவை முடியைப் பிடித்து இழுத்துத் தலையை அடுப்புக் கல்லில் மோதிக்கொண்டிருந்தான். கத்தி இறங்கியபோது மாமா இடது கையைத் தூக்கினார். இரண்டு விரல்கள் சாம்பலில் விழுந்தன. அத்தை அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டாள். அவளை வயிற்றில் உதைத்தான், குடத்தோடு உருண்டாள். மாமாவை மல்லாத்தி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, "எவனாவது உள்ள வந்தா அறுத்துருவேன்" என்று வாசலைப் பார்த்துக் கத்திவிட்டு, கத்தியை ஓங்கினான்.

அப்போதுதான் சாக்குக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவள் ஓடி வரவில்லை. எங்கள் காம்பராவிலேயே மாதா படத்துக்கு முன்னால் முட்டிபோட்டிருந்தாள். முன்பாதியைச் சொல்லி நிறுத்தினாள். அந்தக் குரலை மாமாவின் காம்பராவில் நின்று நான் கேட்டது அன்றுதான். மாமா வாயெல்லாம் ரத்தமாகப் பின்பாதியைச் சொன்னார். அம்மா அடுத்ததைத் தொடங்கினாள்.

செபம் சொல்லிக்கொண்டிருக்கும் ஆளைத் தொடக்கூடாது என்று சின்ன வயதிலேயே அம்மா எங்களை அடித்துப் பழக்கியிருந்தாள். ஓங்கின கை இறங்கியது. கத்தி மாமாவின் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. "செபம் முடியிற வரைக்குந்தாண்டா ஒனக்கு உசுரு" என்றான் அண்ணன். அது அம்மாவுக்கும் கேட்டது.

ஐம்பத்து மூன்றும் ஆனது. முடிக்க வேண்டிய இடத்தில் அம்மா முடிக்கவில்லை. திரும்ப முதல் மணியிலிருந்து தொடங்கினாள்.

"அம்மா, முடிம்மா!"

அம்மா அடுத்த முன்பாதியைச் சொன்னாள். அவள் தொண்டை கட்டிக்கொண்டு வந்தது. மாமாவின் கை தரையில் கிடந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. அவர் குரல் முணுமுணுப்பாகி, வெறும் உதட்டசைவாகி, ஒரு மணியில் அம்மா நிறுத்தியபோது அதுவும் வரவில்லை. அவருக்கு நினைவு தப்பிவிட்டது. அம்மா காத்திருந்தாள். மழைச் சத்தம் மட்டும் தகரத்தில். யாரும் பேசாத அந்த இடத்தில் ஒரு குரல் பின்பாதியைச் சொன்னது. அண்ணனுடைய குரல். அவன் நினைத்துச் சொல்லவில்லை. அம்மா நிறுத்தினால் திறக்கிற வாய் அது, பால் பல் விழுகிற வயதிலிருந்து. பாவிகளாயிருக்கிற எங்களுக்காக என்று பாதி சொன்ன பிறகுதான் தன் சொல் தன் காதில் விழுந்தது போலிருந்தது. கீழே கிடந்த முகத்தைப் பார்த்தான். முழங்காலை எடுத்தான். வெளியே போய், மழைத்தண்ணி ஓடுகிற கானில் கத்தியை விட்டெறிந்தான்.

அம்மா அப்போதுதான் எழுந்து, சாக்கைப் பிடுங்கி, "இதுல வச்சித் தூக்குங்கடா" என்று மேலேயிருந்து இந்தப் பக்கம் எறிந்தாள். நாலு பேர் மாமாவை மழையில் கீழே ஆஸ்பத்திரிக்குச் சுமந்துபோனார்கள். பொலிஸ் விசாரித்தபோது, "வெறகு பொளக்கிறப்ப வழுக்கி அடுப்புல விழுந்துட்டேனுங்க" என்றார் மாமா. அத்தையும் அதையே சொன்னாள். லயமும் அதையே சொன்னது.

அண்ணன் பிறகு ஒரு நாள் அம்மாவிடம், "ஏம்மா அவனக் காப்பாத்துன?" என்று கேட்டான்.

"அவனயா? நான் ஒன்னையத்தாண்டா புடிச்சி இழுத்தேன். அவனும் கூடவே வந்துட்டான். அதுக்கு நான் என்னா செய்ய? ஆண்டவரு பழக்கம் அப்பிடி."

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பின்பாதி தினமும் சுவரைத் தாண்டி வந்தது. அம்மா நிறுத்துவாள், அவர் சொல்லுவார். அவனை விடாதீங்க என்று அம்மா அதற்குப் பிறகு வேண்டியதில்லை. ஆனால் அவரை முகம் பார்த்துப் பேசியதும் இல்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் எதிரே வந்தால் குடத்தை மாற்றிப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள். அண்ணன் செபத்துக்கு உட்காரமாட்டான். இஸ்தோப்பில் இருட்டில் இருப்பான். கொஞ்ச வருசத்தில் நெஞ்சுச் சளி முற்றி மாமா இறந்துபோனார்.

எனக்கு நாலு பேர் முன்னால் நின்று பேச வராது, படித்ததும் அஞ்சாம் வகுப்பு. அடிக்கிற கைக்குப் பயப்படுவது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். துரைக்கு, கண்டாக்குக்கு, அந்தச் சாயங்காலம் கூடப்பிறந்த அண்ணனுக்கும் பயந்தேன். அந்தப் பயத்தில் உடம்பு சுருங்கும், வாய் பொய் சொல்லும். அம்மாவுக்குக் கடைசியில் இருந்தது அது இல்லை. தான் வெறுக்கிறவனையும் சேர்த்துக் கூப்பிட்டுவிடுகிற ஒருவர் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறதே என்கிற பயம் அது. அவர் இரக்கத்தை நம்பாதவளுக்கு அந்தப் பயம் வராது.

இந்தியாவுக்குப் போகிறவர்கள் பேர் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அம்மா படுக்கையில் விழுந்தாள். சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அண்ணன் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். நான் குனிந்து, "பயமா இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"இருக்குடி. அங்க போனா ஒங்கப்பனும் அவனும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருப்பானுங்க. நான் யாரு மொகத்தப் பாத்து மொதல்ல பேசுவேன்?"

அண்ணன்தான் அவள் காலை விடாமலே சொன்னான்.

"ரெண்டு பேருக்கும் சேத்து சாயத்தண்ணி ஊத்தும்மா. பேச்சு தானா வரும்."