தளும்பத் தளும்ப ஒரு டம்ளர்

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் அப்பா எறிந்த தேங்காய் கல்லில் படாமல், பக்கத்தில் நின்றவர் காலடியில் போய் விழுந்தது. அதற்குச் சில மாதம் முன்பிருந்தே அப்பாவின் விரல்கள் தாமாக ஆடிக்கொண்டிருந்தன. நடையிலும் ஒரு தள்ளாட்டம். ராவிலெ தன்னெ வெள்ளமா என்று யாரோ மலையாளத்தில் சிரித்தார்கள். காலையிலேயே குடியா என்று அர்த்தம். வாழ்நாளில் தொட்டதில்லை அப்பா. குனிந்து பொறுக்கப் பார்த்தார்; கைக்கு அகப்படவில்லை. அண்ணன்தான் எடுத்து உடைத்தான்.

பிறகு பரிசோதனைகள், ஹண்டிங்டன் நோய் என்ற பெயர். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவிலேயே அம்மா அதைத் தன் கணக்காக மாற்றிவிட்டாள்: இரண்டு பிள்ளைகள், அதில் பாதி, ஆக ஒருத்தருக்கு. யாருக்கு என்பதிலும் சந்தேகமில்லை. அண்ணன் அப்பாவின் அச்சு; அதே நெற்றி, நடக்கையில் ஒரு தோள் தாழும் அதே சாய்வு. நான் அம்மா ஜாடை. நாகர்கோவில் சொந்தக்காரர்களும் போனில் உறுதிப்படுத்தினார்கள். அப்பாவின் அப்பாவுக்கும் கடைசியில் கைகால் ஆடியதாம். அவருக்கும் அதே நெற்றியாம்.

நான் விடுவேனா? கழக்கூட்டத்து ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் இதையே படித்தேன். ஒரே ஒரு மரபணு. முகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆண், பெண் பார்க்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்; ஒருவருக்கு வந்துவிட்டது என்பதால் மற்றவர் தப்புவதில்லை. அம்மாவுக்குப் படமே வரைந்து காட்டினேன். மனசிலாச்சு மக்களே என்றாள். மறுநாளும் அண்ணனுக்கு மட்டும் காப்பியை விளிம்புவரை ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு, சிந்துகிறதா என்று அவன் விரல்களையே பார்த்து நின்றாள். அவனுக்கும் அது தெரியும். தெரிந்தே ஒரு சொட்டு சிந்தாமல் குடிப்பான்.

அப்பா போன மறு வருஷம் அண்ணனுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பெண்ணிடம் மறைக்க முடியாது என்று ரத்தம் கொடுத்தான். முடிவு வந்த சாயங்காலம் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, எனக்கு இல்லம்மா என்றான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே இருந்தவள், அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

அண்ணன் திரும்பினான். "ஏட்டி, என் ரிசல்ட்டுக்கும் உனக்கும் சம்பந்தமில்ல, கேட்டோ. நீதானே படம் வரஞ்சு காட்டினே?"

"தெரியும்."

"பின்னே ஏன் மோறு இப்படி இருக்கு?"

அம்மா ஜாடை மோறு இல்லையா, வேறெப்படி இருக்கும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நான் ஒருநாளும் நம்பாத அந்தக் கணக்கின் நிழலில்தான் இத்தனை காலம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியில் உனக்கும் நாள் கேட்கட்டுமா என்றான். பார்க்கலாம் என்றேன்.

மறுநாள் காலை அம்மா எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். விளிம்புவரை.

"சூடு. பைய குடி மக்களே."

வாங்கிக்கொண்டேன். அவள் நகரவில்லை. அவள் பார்த்த இடத்தையே நானும் பார்த்தேன். நுரைக்குக் கீழே காப்பி லேசாக நடுங்கியது. நிறைந்த டம்ளர் யார் கையிலும் அப்படித்தான் நடுங்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

குடிக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு, உள்ளே போய் அண்ணனிடம் நாள் கேட்கச் சொன்னேன்.