போக ஒரு ஷிஃப்ட், வர இரண்டு ஷிஃப்ட்

ஜெர்மனியில் வழி கேட்டால் தூரம் சொல்ல மாட்டார்கள், நிமிஷம் சொல்வார்கள். தபால் நிலையம் ஏழு நிமிஷம் என்றால், நடந்து பார்த்தால் ஏழேதான் ஆகும், எரிச்சலாக வரும். நம் நெய்வேலியில் வடலூர் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள், "தோ, கிட்டத்தான்" என்பார்கள். நம்பி நடந்தவனுக்கு நாக்குத் தள்ளிவிடும். இங்கே நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி ஒருநாள் என் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். என் மனைவி அஞ்சலையின் பழைய கணக்கை அப்படியே ஒப்பித்தேன்: "அங்கிருந்து வர ஒரு ஷிஃப்ட், திரும்பிப் போக இரண்டு ஷிஃப்ட்." அந்த அம்மாள் வெகுநேரம் யோசித்துவிட்டு, "ஊருக்குப் போகும் வழி ஏற்றமோ?" என்றாள்.

அந்தக் கணக்கு பிறந்தது நெய்வேலி குவார்ட்டர்ஸில். அந்த ஊர் நிலக்கரி மைன்ஸில் மண் வெட்டும் ராட்சத எந்திரத்தை ஓட்டப் பழகிவர என்னை ஆறு மாதம் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும், பீற்றிக்கொள்ளும் ஆசையில் விமான டிக்கெட்டை அஞ்சலைக்கு வாசித்துக் காட்டித் தொலைத்தேன். போகும்போது பம்பாயில் காலை ஆறுக்கு ஏறி, பிராங்பர்ட்டில் மதியம் இரண்டுக்கு இறக்கம். வரும்போது அங்கே மதியம் இரண்டுக்கு ஏறி, பம்பாயில் மறுநாள் காலை ஏழு. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஷிஃப்ட் மாற ஊதும் சங்குச் சத்தத்துக்குச் சோறு வடிக்கிற ஊர் அது. ஷிஃப்ட் கணக்கில் எந்தப் பெண்ணும் ஏமாற மாட்டாள்.

"போவ எட்டு மணி நேரம், வர பதினேழா? நடுவுல ஒம்போது மணி நேரம் எங்கங்க இருந்தீங்க?"

பலாப்பழத்தைப் பல்புக்கு எதிரே உருட்டி, அங்கே நாலரை மணி நேரம் பிந்தித்தான் பொழுது விடியும் என்று விளக்கினேன்.

"பழத்த கீழ வைங்க. வழியில ஏரோப்ளேன் நின்னுச்சா இல்லியா?"

"பெய்ரூத்துல ஒரு மணி நேரம் நின்னுச்சு." உண்மையைச் சொன்னேன், மாட்டிக்கொண்டேன்.

"ஒரு மணிய ஒத்துக்கினீங்க. மிச்சம் எட்டு? ஒரு முழு ஷிஃப்ட்டு!"

நாலு நாள் பேச்சில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஜெர்மனியிலேயே வேலை கிடைத்து மறுபடி கிளம்ப வேண்டியிருந்தது. என்னை நம்பாதவளை விட்டுவிட்டு எப்படிப் போவது? ஐந்தாம் நாள் அவளே வாயைத் திறந்தாள். "நானும் வரேன். அந்த எட்டு மணி நேரம் எங்க போச்சுன்னு பாத்துடறேன்."

வந்தாள். வழி முழுக்கக் கண்ணை மூடாமல் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பெய்ரூத்தில் என் சட்டை நுனியை விடவே இல்லை. பிராங்பர்ட்டில் இறங்கியபோது அவள் கையில் மணி ஆறரை, சுவரில் இரண்டு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போவ எட்டு இல்லீங்க, பன்னண்டரை. அப்ப வரும்போதும் பன்னண்டரைதானா? எங்கியும் எறங்காம நேரா வூட்டுக்குத்தான் வந்தீங்களா?"

அத்தனை ஜனங்களுக்கு நடுவில் அழுதேவிட்டாள்.

ஆனால் அந்தக் கடிகாரத்தை இன்றுவரை அவள் இந்த ஊர் நேரத்துக்குத் திருப்பி வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு அது இரண்டு மணி காட்டுவதைப் பார்த்து, "ரெண்டாம் ஷிஃப்ட்டுக்கு சங்கு ஊதிட்டாங்க" என்பாள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். வேலையில்லாத நாள் என்று தெரிந்தும், நான் எழுந்து செருப்பைத் தேடுவேன்.